நடுவில் நிற்கும் பாட்டுகள்

இசை விமர்சனம் எழுதுகிறவர்களில் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு, கேட்காமலே எழுதுகிறவர்களும் உண்டு. நான் இரண்டிலும் சேர மாட்டேன். பாட்டில் இல்லவே இல்லாத ஒன்றை உன்னிப்பாகக் கேட்டு, அதைப் பற்றி மட்டுமே இரண்டு வருடம் எழுதித் தள்ளியவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் இந்தக் கதையை யாராவது எடுத்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. போர்ட் பிளேரிலிருந்து ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கும் மாயாபந்தரில் இருந்தோம். அப்பா மின்சார இலாகாவில் லைன்மேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருடமாகத் தீவில் கம்பம் ஏறியவர். அண்ணன் முருகேசன் போர்ட் பிளேரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தான். நான் பி.ஏ. முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்கிற எல்லோரையும் வெறுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வெறுப்புக்குத் தோதான இசை பங்க். கிதாரில் மூன்று விதமாக விரல் வைக்கத் தெரிந்தால் போதும், கோபம் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். அதற்குப் பாப் பங்க் என்று ஒரு தங்கச்சி உண்டு. அதே கோபம்தான், ஆனால் காதலி விட்டுவிட்டுப் போன கோபம். கூடச் சேர்ந்து பாடவும் வசதியாக இருக்கும். என்னை யாரும் காதலித்ததும் இல்லை, விட்டுவிட்டுப் போனதும் இல்லை. அதை நான் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீவுக்குக் கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வராத காலம் அது. உலகத்தில் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை புது ஆல்பங்கள் வெளியாகும். மாயாபந்தரில் என் போனில் ஒரு பாட்டைத் தொட்டால் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றும். நான் போய்க் குளித்து, துணியை அலசிக் காயப்போட்டு வந்து பார்த்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதால்தான் பின்னால் நடந்தது இன்னும் பெரிய அவமானம்.

நானும் அண்ணனும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த வாரம் வந்த பங்க், பாப் பங்க் ஆல்பங்களின் பட்டியலை எடுப்பான். வெறும் எழுத்து என்பதால் எப்படியோ திறந்துவிடும். அதை அச்செடுத்து, ஒரு கவரில் போட்டு, மறுநாள் விடியற்காலை கிளம்பும் மாயாபந்தர் பஸ் டிரைவரிடம் கொடுப்பான். காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள் என்பதால், பஸ் அந்தக் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து, காட்டைத் தாண்டி, இரண்டு இடத்தில் படகில் ஏறி இறங்கி, பிற்பகலில் எங்கள் ஊருக்கு வரும். நான் ஐந்து பெயருக்கு டிக் அடித்து அதே கவரை அதே டிரைவரிடம் கொடுத்து அனுப்புவேன். அடுத்த சனிக்கிழமை கவருக்குள் மெமரி கார்டு வரும். உலகம் கேட்டு முடித்து மறந்துபோன பாட்டு எனக்குச் சுடச்சுடப் புது ரிலீஸாக வந்து சேரும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்யத் தடை. அண்ணன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் ஓடுகிற சத்தத்தை அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வந்து கார்டில் ஏற்றுவான். ஒரு பாட்டைக்கூட அவன் காதால் கேட்டதில்லை. ("நாய்ச் சண்டைய உக்காந்து கேக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?")

இதில் நடந்தது என்னவென்றால், நெட் எத்தனை தடவை மூச்சுத் திணறியதோ அத்தனை தடவையும் பாட்டு நின்று நின்று பதிவானது. வட்டம் சுற்றியது போர்ட் பிளேரில். மௌனம் மட்டும் கவரில் ஏறி மாயாபந்தருக்கு வந்தது. வட்டத்தைப் பார்க்காத நான், மௌனத்தைக் கலை என்று நினைத்தேன்.

நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைச் சுவரில் வாராவாரம் 'இந்த வாரப் புது வரவு' என்று ஒரு தாள் ஒட்ட ஆரம்பித்தேன். (கடைக்காரர் அனுமதித்ததற்குக் காரணம், அந்த இடத்தில் காரை பெயர்ந்திருந்தது.) அந்தத் தாள்களில் சில இன்னும் அண்ணனிடம் இருக்கின்றன. லேமினேட் செய்து வைத்திருக்கிறான். ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்தக் குழு மௌனத்துக்கு அஞ்சுவதில்லை. இரண்டாவது சரணத்தின் நடுவே ஒன்பது நொடி நம்மைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஒன்பது நொடியில் நான் என்னையே சந்தித்தேன்.' சந்தித்தது ஆபீஸ் மோடத்தை.

போகப் போக எனக்குக் கொள்கைகள் பிறந்தன. மழைக்காலத்தில் வருகிற பங்க் பாட்டுகள் ஆழமானவை, கோடையில் வருகிறவை மேலோட்டமானவை என்று கண்டுபிடித்தேன். (மழைக்கு நெட் படுத்துவிடும் என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும்.) ஒரு பாட்டில் நான்கு நிமிடம் மௌனம் இருந்தது, அதை அந்த வருடத்தின் தலைசிறந்த படைப்பு என்று அறிவித்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு குழுவின் ஆல்பத்தை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் யாரும் இல்லாதபோது பதிவு செய்துவிட்டான். ஒரு நிறுத்தமும் இல்லாமல் மளமளவென்று ஓடியது. நான் எழுதினேன்: 'விலைபோய்விட்டார்கள்.' அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுக்கு நான் செய்த பாவம் போதும்.

இந்தச் சமயத்தில்தான் குழு ஆரம்பித்தோம். நான் பாட்டும் கிதாரும். பேஸ் கிதாருக்குப் பீட்டர். பக்கத்து வெபி கிராமத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்து குடியேறிய கரேன் இனக் குடும்பத்துப் பையன், சர்ச்சில் வாசித்து வளர்ந்தவன். நான் வாசித்த கிதாரும் அந்தச் சர்ச்சிலிருந்து இரவல் வாங்கியதுதான். டிரம்ஸுக்குப் பிகாஷ். வங்காளி; பூஜைக்குப் பூஜை மேளம் அடித்துக் கை பழுத்தவன். கார்டில் வந்த பாட்டுகளை மௌனத்தோடு சேர்த்து அப்படியே வாசிப்போம். மூன்று பேருக்கும் பொது மொழி தீவு இந்தி என்பதால், மௌனங்களை உதட்டுக்குள் இந்தியில்தான் எண்ணுவோம். ஏக், தோ, தீன், சார்.

"பதினொண்ணு வரைக்குமா? அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்று பிகாஷ் கேட்டான்.

"உணரு" என்றேன்.

பீட்டர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. "செல்வி, ஒரு வார்த்தையோட பாதியில நிக்குதே. வார்த்தைய முடிச்சுட்டு நிக்கக் கூடாதா?" என்றான்.

"அதுதான் பங்க்" என்றேன். அந்தப் பதிலுக்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் தீவுக் குழுக்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து நித்யா என்று ஒருவர் வருகிறார், சொந்தமாகக் குழுவும் ஸ்டூடியோவும் வைத்திருக்கிறவர். அவர் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குச் சென்னையில் மேடை கிடைக்கும், ஒரு பாட்டும் பதிவு செய்து தருவார் என்று அண்ணன் தகவல் அனுப்பினான். அப்பாவிடம் சொன்னேன். அவர் டெஸ்டரால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"ஏட்டி, போயிட்டு வா. நானும் வாரேன். ஆனா ஒண்ணு. இதுல தேறலைன்னா கிதாரை சர்ச்சுல திருப்பிக் குடுத்துட்டு, கிளார்க் பரீட்சைக்கு ஒழுங்கா உக்காந்து படிக்கணும். டீக் ஹை?"

"டீக் ஹை" என்றேன். தேறாமல் போவதற்கு வாய்ப்பே இல்லை என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். மெயின்லேண்டில் பங்க் வாசிக்கிறவர்கள் இருக்கலாம், ஆனால் பதினொன்று வரை எண்ணக்கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் மூன்று மணி வெயிலில் நிகழ்ச்சி. நூறு பேர் இருந்திருப்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஆபீஸிலிருந்து நேராக வந்து, கடைசியில் சமோசாவும் கையுமாக நின்றிருந்தான். எங்களுக்கு முன் மூன்று குழுக்கள் சினிமாப் பாட்டு வாசித்து நல்ல பிள்ளைகளாக இறங்கிப் போனார்கள். அவர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது அப்போதைய புது ரிலீஸ் ஒன்று. ஆரம்பம் பிரமாதம். பிகாஷ் அடித்த அடியில் ஜூஸ் கிளாஸ்கள் அதிர்ந்தன. நித்யா தலையை ஆட்ட ஆரம்பித்தார். முதல் மௌனம் வந்தது. நான்கு எண்ணிக்கை. சவுண்ட் சிஸ்டம்காரர் முகம் வெளுத்து, கையில் கிடைத்த குமிழ்களை எல்லாம் திருகினார். நாங்கள் மூவரும் கத்தி வைத்து நறுக்கியதுபோல் ஒன்றாக ஆரம்பித்தோம். கைதட்டல் கேட்டது. சவுண்ட் சிஸ்டம்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது மௌனம், பதினொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். (உணர்ந்துகொண்டிருந்தேன்.) தீன் எண்ணும்போது சவுண்ட் சிஸ்டம்காரர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகும் சத்தம் கேட்டது. பாஞ்ச் எண்ணும்போது முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எங்கேயாவது கரண்ட் நின்றால் அப்பாவின் உடம்பு அவரைக் கேட்காமலே எழுந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். எட்டாவதாக ஆட் எண்ணும்போது அவர் சுவரோரம் இருந்த மெயின் போர்டைத் திறந்துவிட்டார். நல்ல லைன்மேன் முதலில் என்ன செய்வார்? பாதுகாப்புக்காக மெயினை அணைப்பார். அணைத்தார்.

கியாரா, பதினொன்று. ஆரம்பித்தோம். பிகாஷின் டிரம்ஸ் இடி மாதிரி கேட்டது. என் கிதார் கேட்கவில்லை. பீட்டரின் கிதாரும் கேட்கவில்லை. மைக் செத்துப்போய், ஆங்கிலத்தில் காதலியைத் திட்டும் என் சொந்தக் குரல் மட்டும் வெயிலில் தனியாக ஒலித்தது. ஹோட்டல் சமையலறையிலிருந்து யாரோ இந்தியில் வேறு யாரையோ திட்டினார்கள். நான் பீட்டரைப் பார்த்தேன். அவன் பிகாஷைப் பார்த்தான். பிகாஷ் நிறுத்துவதாக இல்லை. அதனால் நாங்களும் சத்தமே வராத கம்பிகளை அடித்துக்கொண்டே போனோம்.

அப்பா ஃபியூஸை எல்லாம் தொட்டுப் பார்த்துத் திருப்தியடைந்து மெயினைப் போட்டார். மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். சரியாக அந்த நொடியில் எங்கள் மூன்றாவது மௌனம் வந்தது. அப்பாவின் முகத்தில் வந்த துயரத்தை என்னால் மறக்க முடியாது. மறுபடியும் அணைத்துவிட்டார்.

பாட்டு எப்படியோ முடிந்தது. மின்சாரம் வந்ததும் நித்யா மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்கே வந்தார்.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க. எனக்கு இந்தப் பாட்டு தெரியும். நடுநடுவுல நிறுத்தினது யாரோட ஐடியா?"

"ஐடியா எல்லாம் இல்லைங்க. ஒரிஜினல்லயே அப்படித்தான்."

"ஒரிஜினல்லயா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. "நீங்க ஆல்பத்துல வந்ததைக் கேட்டிருக்க மாட்டீங்க" என்றேன். பரிவோடு வேறு சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தன் போனை எடுத்து மைக்கில் வைத்தார். சென்னையில் இறக்கி வைத்திருந்த பாட்டு. ஆரம்பித்தது, ஓடியது, நான்கு எண்ண வேண்டிய இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டியது, பதினொன்று எண்ண வேண்டிய இடத்தில் அந்தப் பாதி வார்த்தையின் மீதிப் பாதியும் வந்தது. பீட்டர் என்னை மெல்லத் திரும்பிப் பார்த்தான். முடிந்தபோது, நாங்கள் வாசித்ததைவிடப் பாட்டு ரொம்பச் சின்னதாக இருந்தது.

யாருக்கும் ஒன்றும் புரியாத அந்த அமைதியில், கூட்டத்தின் கடைசியில் சமோசாவோடு நின்ற என் அண்ணனுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது.

"அரே! வோ தோ நெட் கா ப்ராப்ளம் ஹை!"

'அட, அது நெட் கோளாறு!' என்று தமிழில் கத்தியிருந்தால் பாதிப் பேருக்காவது புரியாமல் போயிருக்கும். அண்ணன் அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை. இந்தியில், கையை ஆட்டி ஆட்டி, ஆபீஸ், மோடம், டீ குடிக்கப் போனது என்று எல்லாவற்றையும் விளக்கினான். முதலில் சவுண்ட் சிஸ்டம்காரர் சிரித்தார். அப்புறம் நூறு பேரும் சிரித்தார்கள். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன நூறு பேர். நித்யா மேடை விளிம்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இரண்டு வருடமாக எழுதிய தாள்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. கடல் பக்கத்தில்தான் இருந்தது, இறங்கிப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

பரிசு சினிமாப் பாட்டு வாசித்த ஒரு குழுவுக்குப் போனது. கிளம்பும்போது நித்யா என்னிடம் வந்து, "சொந்தப் பாட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எழுதுங்க. எழுதினா எனக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அப்பாவும் நானும் ஒரே இருக்கையில். கிதார் என் மடியில். இன்னும் சில மணி நேரத்தில் சர்ச்சுக்குப் போய்விடும் கிதார். அப்பா வழியெல்லாம் ரோட்டோரக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாவது படகில் பஸ் ஏறி நின்றதும்தான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, அந்த நிக்கிற எடத்துல மூணு பேரும் என்ன செஞ்சிய?"

"எண்ணினோம்ப்பா. பதினொண்ணு வரைக்கும்."

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டா?"

"இல்ல. நான் கண்ண மூடியிருந்தேன். பிகாஷ் பின்னாடில்லா இருந்தான்."

"நான் மெயின ஆஃப் பண்ணுன பொறவும் நிறுத்தல?"

"பிகாஷ் நிறுத்தல. அதான் நாங்களும் நிறுத்தல."

அப்பா விரல் விட்டுப் பதினொன்று வரை எண்ணிப் பார்த்தார்.

"முப்பது வருசமா கம்பம் ஏறுதேன். மூணு பேரு, ஒருத்தர ஒருத்தர் பாக்காம, ஒரே நேரத்துல கைய எடுத்து ஒரே நேரத்துல கைய வச்சு நான் கண்டதே இல்லட்டி. தப்பான பாட்டையே இப்படி வாசிச்சிய. சரியானது கெடச்சா என்ன செய்விய?"

"அப்போ கிளார்க் பரீட்சை?"

"அத எழுதத்தான் செய்யணும். கிதார் அது பாட்டுக்கு இருக்கட்டும். சர்ச்சுல நான் பேசிக்கிடுதேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன். அவமானத்தில் வந்த அழுகை முந்தின நாளே தீர்ந்துவிட்டது, இது சந்தோஷம். அப்பா கவனிக்காததுபோல் டிரைவரிடம் படகு எஞ்சினைப் பற்றி ஏதோ கேட்டார்.

பரீட்சை எழுதித் தேறினேன். இப்போது பகலில் ஃபைல், சாயங்காலம் பீட்டர், பிகாஷ். கேபிள் வந்த பிறகு அந்தப் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக முழுசாகக் கேட்டேன். விலைபோய்விட்டார்கள் என்று நான் எழுதிய குழு உண்மையிலேயே அற்புதமான குழு. இப்போதும் வெள்ளிக்கிழமை வந்தால் புது வரவுப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன். பாட்டு அன்றைக்கே, ஓட்டை உடைசல் இல்லாமல் வருகிறது. வீட்டில் மட்டும் யாரும் திருந்தவில்லை. சாப்பிடும்போது நான் பேச்சை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், அம்மா உட்பட எல்லோரும் "ஏக், தோ, தீன்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் சொந்தப் பாட்டு ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. வெபி சர்ச் ஹாலில் பதிவு செய்து நித்யாவுக்கு அனுப்பினோம். அவர் சரிசெய்து கொடுத்தார். அதில் நடுவே ஏழு எண்ணிக்கைக்கு மௌனம் உண்டு. இந்தத் தடவை நாங்களே வைத்தது. முகம் தெரியாத யாரோ வெளிநாட்டிலிருந்து, தங்கள் நெட் போய்விட்டதோ என்று பயந்துபோனதாக எழுதியிருந்தார்கள். பாட்டு வெளிவந்த அன்று காலை முதல் ஆளாக அண்ணன் போர்ட் பிளேரிலிருந்து போன் செய்தான். எடுத்தது அப்பா. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பாட்டு பாதியில நின்னு போச்சு. ரவுட்டரை ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். செல்விட்ட சொல்லுங்க, ஏத்துனதுல ஏதோ கோளாறு."

"கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "சுவிட்சுலேர்ந்து கைய எடுல. அது நிக்கல. அங்க மூணு பேரும் எண்ணிக்கிட்டு இருக்காவ."